முகமறியா வணிகரும் கோவலனின் பிழையும்

நம்மிடம் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்துவரும் மாணவி ஒருவர், ஒரு நாள் மாலை துறை அறைக்கு வந்து தம் கைப்பேசியை நீட்டினார். "ஐயா, இந்தக் கடையில வாங்கலாமான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்றார். அவருடைய ஆய்வுக்கு இன்றியமையாத பழைய உரைநூல்கள், எட்டுத் தொகுதிகள், நெடுநாளாக அச்சில் இல்லாதவை. வெளியில் கிடைத்தாலும் ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் குறையாது. அந்த இணையக் கடையில் அவை மொத்தமும் 2,940 ரூபாய். அஞ்சல் கூலி இல்லை. நாம் பார்த்தோம். முகப்பில் கோபுரப் படம், பிழையில்லாத தமிழ், நூல்களின் அட்டைப் படங்கள் வரிசையாக, மேலே பூட்டுச் சின்னம், கீழே நூல்களைப் பெற்று மகிழ்ந்தவர்களின் பாராட்டுரைகள். இரண்டு நிமிடம் புரட்டிவிட்டு, "நல்ல கடையாத்தான்மா தெரியுது" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தோம்.

நூல்கள் வரவில்லை. தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை என்றது. சில நாள்களில் அந்தத் தளமே மறைந்து போயிற்று. இவையெல்லாம் நமக்கு இரண்டு மாதம் கழித்தே தெரியவந்தன. ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க பார்த்துச் சொன்னீங்க ஐயா. அதனால உங்ககிட்ட வந்து சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார். போனது அவருடைய உதவித்தொகைப் பணம். அந்த மாதம் விடுதிக் கட்டணத்திற்கு அவர் தோழியிடம் கடன் வாங்கியிருக்கிறார்.

அதே வாரத்தில் முதுகலை வகுப்பில் நாம் நடத்திக்கொண்டிருந்த பாடம் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. இருபது ஆண்டுகளாக நடத்திவருகிற பாடம். முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத ஒருவனை, அவன் உடையையும் பரிவாரத்தையும் கண்டு நம்பி, கையிலிருந்த கடைசிப் பொருளைக் காட்டிக் கெட்ட ஒரு வணிகனின் கதையை ஆண்டுதோறும் உருக்கமாகச் சொல்லிவந்த நாமே, கோபுரப் படத்தையும் பாராட்டுரைகளையும் கண்டு 'நல்ல கடை' என்று சான்று வழங்கியிருக்கிறோம். இந்த வெட்கத்திலிருந்து பிறந்ததே இக்கட்டுரை. முகமறியாதவரோடு வாணிகம் செய்வது மனிதனுக்குப் புதிதன்று. அந்த அச்சத்தை நம் முன்னோரும் பிற நாட்டாரும் எவ்வாறெல்லாம் கடக்க முயன்றனர், ஒவ்வொரு முயற்சியும் எவ்விடத்தில் ஓட்டையானது என்று பார்த்தால், இன்று அறியாத கடை ஒன்றின் வாசலில் நிற்கும்போது எதை நோக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

பொறியும் பூதமும்

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து நினைக்கத்தக்கவை. ஒன்று, துறைமுகத்தில் ஏறவும் இறங்கவும் குவிந்து கிடக்கும் பண்டங்களின் மீது சோழரின் புலிப்பொறி இடப்படுவது. மற்றொன்று, தாம் கொள்வதிலும் பிறர்க்குக் கொடுப்பதிலும் அளவு பிறழாத வணிகரின் நடுவுநிலை. முன்னது அரசின் முத்திரை. பின்னது மனிதரின் ஒழுக்கம். வணிகர் நல்லவர் என்று பாடிய புலவர், பொறியை வேண்டாமென்று விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நல்லோர் வாழும் ஊரிலும் முத்திரை தேவைப்பட்டது.

சிலப்பதிகாரமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. புகார் நகரின் ஐவகை மன்றங்களுள் ஒன்றான வெள்ளிடை மன்றத்தில், அளவும் அடையாளமும் எழுதப்பட்ட பொதிகள் காவலின்றிக் கிடக்கும். கள்வர் எடுத்தால் அவர்களைத் துன்புறுத்த ஒரு தெய்வ ஆற்றல் உண்டென்பது நம்பிக்கை. பூத சதுக்கத்துப் பூதம் பொய்யரையும் வஞ்சகரையும் புடைத்து உண்ணும். அக்காலத்தில் ஒரு பெருநகரின் அங்காடி அச்சமின்றி நடக்க எழுத்து, முத்திரை, தண்டனை பற்றிய அச்சம் ஆகிய மூன்றும் வேண்டியிருந்தன என்பதே இதன் பொருள். இம்மூன்றும் இன்றைய இணையக் கடைக்கும் வேண்டியவையே.

கடல்கடந்த வாணிகத்தில் இவை மேலும் கூர்மையடைந்தன. வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு 1985இல் அறிஞர்களால் வெளியிடப்பட்ட 'முசிறி பாப்பிரசு' என்னும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஆவணத்தை நம்மில் பலர் அறிவர். சேர நாட்டு முசிறியோடு தொடர்புடைய ஒரு கடன் ஒப்பந்தம் அதன் ஒரு பக்கத்தில் உள்ளது. 'எர்மாப்பொல்லோன்' என்னும் கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு மறுபக்கத்தில் உள்ளது. நாம் கவனிக்க வேண்டியது அதிலுள்ள ஒரு ஏற்பாடு: எகிப்தின் துறையில் இறங்கும் சரக்கு, பாலைவனம் கடந்து நைல் வழியே அலெக்சாந்திரியா சென்று சேரும்வரை, கடன் கொடுத்தவரின் முத்திரையும் அதிகாரமும் அதன் மீது இருக்க வேண்டும். கடல் தாண்டிய மனிதனை நேரில் அறிந்தாலும் அறியாவிட்டாலும், சரக்கு யார் பொறுப்பில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை எழுத்து கட்டுப்படுத்தியது.

இடைக்காலத்தில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், அஞ்சுவண்ணத்தார் போன்ற வணிகக் குழுக்கள் இப்பணியைச் செய்தன. சுமத்திராத் தீவின் பரூசு அருகே லோபு துவாவில் கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் அங்குத் தம் ஏற்பாட்டைக் கல்லில் பொறித்ததைக் காட்டுகிறது. அயலூரில் வந்திறங்கும் வணிகனின் முகத்தை அறியாவிட்டாலும் அவன் சார்ந்த குழுவை அறியலாம். தவறு செய்தால் குழுவின் பெயர் கெடும். முகத்திற்குப் பதிலாக ஒரு பெயர் நின்றது.

கோவலன் எங்கே தவறினான்?

இந்தப் பின்னணியில் கோவலனைப் பார்த்தால் அவன் பிழை புதிய ஒளியில் தெரிகிறது. மதுரையில் தம் குலத்து வணிகரைக் கண்டு நிலைமையை உணர்த்திவிட்டு வருவதாகக் கவுந்தியடிகளிடம் சொல்லியே அவன் முதலில் நகருள் புகுந்தான். ஊர்காண் காதையில் அவன் கடந்து சென்ற வீதிகளுள் மணிகளின் குணமும் குற்றமும் பகுத்தறிந்தவர்கள் வாழும் இரத்தினக் கடைத்தெருவும் ஒன்று. அதாவது, அறிந்தவர் குழுவும் அவனுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பண்டத்தை மதிப்பிடும் வல்லுநர் தெருவும் இருந்தது. சிலம்பை விற்கப் புறப்பட்ட நாளில் அவன் இவ்விரண்டையும் நாடவில்லை. வழியில் எதிர்ப்பட்டவனை நம்பினான்.

எதைக் கண்டு நம்பினான்? நூறு கொல்லர் பின்தொடர, உயர்ந்த உடையணிந்து, தொழிற்கருவி கையிலேந்தி ஒருவன் வந்தான். இவன் அரசனிடம் வரிசை பெற்ற பொற்கொல்லனாக இருக்க வேண்டும் என்று கோவலனே முடிவு செய்துகொண்டான். பொற்கொல்லன் தன்னைப் பற்றிப் பெருமை பேசவில்லை, பணிவாகவே பேசினான், அரசருக்கு அணிகலன் செய்பவன் என்பதை மட்டும் போகிற போக்கில் சொன்னான். தோற்றம், பின்தொடரும் கூட்டம், பெரிய இடத்தின் பெயர், பணிவான சொல் ஆகிய நான்கும் உண்மையானவையாகவே இருந்தன. ஆனால் அவை எதுவும் அவன் நேர்மைக்குச் சான்றல்ல. உண்மையான சோதனை, சிலம்பை உடைத்துப் பரலைப் பார்ப்பது. அது கடைசியில்தான் நடந்தது. அதற்குள் கொலை முடிந்துவிட்டது.

அறியாத கடையில் ஏமாறுவோர் எல்லாரும் அறிவிலிகள் அல்லர். கோவலன் பெருவணிகன் மகன். வாணிகம் அறியாதவன் அல்லன். அவனைப் பிழைக்கச் செய்தவை வறுமையும் வெட்கமும் விரைவும். நம் மாணவியிடமும் இம்மூன்றும் இருந்தன. ஆய்வேட்டுக்கு நாள் நெருங்கியிருந்தது. கையில் பணம் குறைவு. நூலில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கக் கூச்சம். ஏமாற்றுபவன் தேடுவது முட்டாள்களை அன்று, அவசரக்காரர்களை.

அஞ்சல் பெட்டிக்குள் ஒரு கடை

வணிகனின் முகத்தை மட்டுமன்றிக் கடையையும் காணாமல் பண்டம் வாங்கும் வழக்கம் பெருவாரியாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். அமெரிக்காவின் சிகாகோவில் ஆரோன் மாண்ட்கோமரி வார்டு என்பவர் 1872இல் ஒரே தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டு உழவர்களுக்கு அஞ்சலில் அனுப்பி வியாபாரம் தொடங்கினார். இடைத்தரகர் இல்லாததால் விலை குறைவு. அடுத்த ஆண்டே 'சிகாகோ டிரிப்யூன்' நாளிதழ், இந்த நிறுவனத்திடம் ஏமாறாதீர் என்று உழவர்களை எச்சரித்து எழுதியது. காட்சிக்குக் கடை இல்லை, முகவர் இல்லை, அஞ்சல் பெட்டி எண் வழியாக மட்டுமே தொடர்புகொள்ள முடிகிறது, விலையோ நம்ப முடியாத அளவு குறைவு என்பவை அது கண்ட ஐயங்கள். உண்மையில் வார்டு நேர்மையானவர்; இதழ் பின்னர்த் தன் கூற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்நிகழ்ச்சி இருமுனைக் கத்தி போன்றது. அந்த நாளிதழ் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றும் இன்றும் கேட்கத்தக்கவை. ஆயினும் அவற்றுக்கு விடை தேடாமலே தீர்ப்பு எழுதியது பிழை. அறியாத கடை என்பதாலேயே அது கள்ளக்கடை ஆகிவிடாது. இன்று நாம் நம்பும் ஒவ்வொரு கடையும் ஒருநாள் அறியாத கடையாக இருந்ததுதான். வார்டு ஐயத்தைப் போக்கிய வழியும் நினைக்கத்தக்கது. மனநிறைவில்லையேல் பணம் திரும்பத் தரப்படும் என்று 1875இல் உறுதியளித்தார். அதாவது, ஏமாறும் இடரை வாங்குபவன் தலையிலிருந்து எடுத்து விற்பவன் தலையில் வைத்துக்கொண்டார். அவர் தொழில் தொடங்கிய அதே 1872இல் அஞ்சல் வழி மோசடியைக் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. கடிதத்தில் வாணிகம் வந்தபோதே கடிதத்தில் கள்வனும் வந்துவிட்டான் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டில் இதற்கு விடையாக வந்தது வி.பி.பி. என்று தமிழ் வாசகர் நன்கறிந்த ஏற்பாடு. 1877இல் இந்திய அஞ்சல் துறை இதைத் தொடங்கியது. 1880இல் பணவிடைப் பணியும் அஞ்சல் துறையிடம் வந்தது. விற்பவர் பொதியை அனுப்புவார். தபால்காரர் வீட்டு வாசலில் விலையைப் பெற்றுக்கொண்டு பொதியைக் கொடுப்பார். தொகை பணவிடையாக விற்பவரைச் சேரும். பழைய தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டுவோர்க்கு 'வி.பி.பி.யில் அனுப்பப்படும்', 'தபால் கூலி வேறு' என்னும் தொடர்கள் பழகியவை. கடிகாரமும் லேகியமும் நாவலும் அப்படித்தான் சிற்றூர்களுக்குச் சென்று சேர்ந்தன. அதற்கு இணையாகத் தமிழ்ப் பதிப்புலகில் 'கையொப்பம்' என்றொரு வழக்கமும் இருந்தது. வெளிவராத நூலுக்கு முன்கூட்டியே கையொப்பமிட்டுப் பொருளுதவி செய்வோரை நம்பி நூல்கள் அச்சேறின. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்கும் அத்தகையோர் துணைநின்றனர். அங்கே முன்பணத்திற்குப் பிணை, பதிப்பாசிரியரின் பெயர் ஒன்றே.

வி.பி.பி.யிலும் ஓட்டை இருந்தது. பணம் கட்டிய பின்னரே பொதியைப் பிரிக்க முடியும். கேட்காத பொருளை அனுப்பிக் காசு பறிப்போரைத் தடுக்க, உண்மையாகக் கேட்டு எழுதியவர்க்கே அனுப்புகிறேன் என்று அனுப்புநர் உறுதிமொழி தரவேண்டும் என்ற விதி வந்தது. மோசடி நேர்ந்தால் தொகையை நிறுத்திவைத்துப் பெறுநர்க்குத் திருப்பித் தரவும் 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டம் பின்னாளில் இடமளித்தது. ஒவ்வொரு விதிக்கும் முன்னால் பெயரறியாத சிலர் ஏமாந்திருப்பார்கள் என்பதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். பூட்டு என்பது களவு போன வீட்டின் கண்டுபிடிப்பு.

பூட்டுச் சின்னத்தின் கதை

இணையத்தில் மறைக்குறியீட்டின் காப்போடு அட்டை எண்ணை அனுப்பி நிகழ்ந்த முதல் விற்பனைகளுள் பெயர்பெற்றது 1994 ஆகத்து 11 அன்று நடந்தது. அமெரிக்காவின் 'நெட்மார்க்கெட்' தளத்தில் ஒருவர் இசைக்கலைஞர் ஸ்டிங்கின் குறுந்தகடு ஒன்றை 12.48 டாலருக்கும் அஞ்சல் செலவுக்கும் வாங்கினார். அடுத்து, நெட்ஸ்கேப் நிறுவனத்தின் உலாவி வழியே, அனுப்பும் செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைக்கும் முறை பரவலாயிற்று. அதன் அடையாளமாகப் பூட்டுச் சின்னம் நம் கண்ணில் பதிந்தது.

இங்கேதான் ஒரு பெரும் தவறான புரிதல் வேரூன்றியது. அந்தப் பூட்டு சொல்வது ஒன்றே ஒன்று: உங்களுக்கும் அந்தத் தளத்திற்கும் இடையிலான பாதையில் ஒட்டுக்கேட்பவர் இல்லை. பாதையின் மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. கள்வனிடம் போகும் சாலைக்கும் வேலி போடலாம் அல்லவா? 2015இன் இறுதியிலிருந்து பாதுகாப்புச் சான்றிதழ்கள் இலவசமாகவும் கிடைக்கத் தொடங்கின. அது நல்ல மாற்றமே. ஆனால் அதன்பின் போலித் தளங்களும் எளிதில் பூட்டணிந்து நின்றன. மக்கள் இச்சின்னத்தை நேர்மையின் சான்றாகப் பிழையாகக் கொள்கின்றனர் என்பதாலேயே 2023இல் கூகுள் தன் குரோம் உலாவியில் பூட்டுச் சின்னத்தை மாற்றி வேறொரு குறியை வைத்தது. நம் மாணவியின் கைப்பேசியில் பூட்டைக் கண்டு நாம் அடைந்த நிம்மதி எவ்வளவு பொருளற்றது என்பது இப்போது விளங்குகிறது.

அடுத்தது பிறர் சொல். 1995இல் தொடங்கப்பட்ட ஈபே தளத்தில், முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் பொருள் விற்றனர். சச்சரவு பெருகவே, 1996 பிப்ரவரியில் அதன் நிறுவனர் பியர் ஒமித்யார், வாங்கியவரும் விற்றவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் வெளிப்படையாகக் கருத்தெழுதும் முறையைக் கொண்டுவந்தார். ஐந்நூற்றுவரின் நற்பெயர் செய்த வேலையை அந்தக் கருத்துகள் செய்தன. ஆனால் வாங்கியவர் குறை சொன்னால் விற்றவரும் பழிக்குப் பழியாகக் குறை எழுதியதால், பலர் வாய்மூடினர். அதனால் 2008இல், விற்பவர் வாங்குபவரைக் குறைத்து மதிப்பிடும் வழியை ஈபே அடைத்தது. பிறகு பாராட்டுரைகளை விலைக்கு எழுதித் தருவோர் தோன்றினர். பொற்கொல்லனின் பின்னால் நடந்த நூறு பேரைப் போலப் பரிவாரத்தையும் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றாயிற்று.

மூன்றாவது, பணத்தை நடுவர் ஒருவரிடம் நிறுத்திவைப்பது. சீனாவின் தாவோபாவ் தளத்தில் 2003இல் தொடங்கிய அலிபே, பொருள் கைக்கு வந்ததென்று வாங்கியவர் உறுதி சொல்லும்வரை பணத்தைத் தன்னிடம் வைத்திருந்தது. இந்தியாவில் 2007இல் நூல் விற்பனையோடு தொடங்கிய பிளிப்கார்ட், 2010இல் பொருள் வந்தபின் பணம் தரும் முறையைக் கொண்டுவந்தபோது, அது வி.பி.பி.யின் பேரப்பிள்ளையாகவே நமக்குத் தோன்றியது. தபால்காரர் நின்ற வாசலில் வேறு சீருடையில் ஓர் இளைஞர் வந்து நின்றார், அவ்வளவே. அட்டை வழிப் பணப்பரிமாற்றத்திற்கு இரண்டாம் அடுக்கு உறுதிப்பாட்டை 2009 ஆகத்து முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் நம் வாழ்வில் பழகியது இதன் தொடர்ச்சியாகவே.

வரலாறு கற்பிக்கும் சோதனைகள்

இத்தனை நூற்றாண்டு அனுபவத்தையும் இன்று ஓர் அறியாத கடையின் முன் நிற்பவர்க்குப் பயன்படுமாறு தொகுத்தால் என்ன கிடைக்கும்?

முதலாவது, பெயரும் இடமும். 2020இல் நடைமுறைக்கு வந்த மின்வணிக விதிகளின்படி, இந்தியாவில் விற்கும் இணையக் கடை தன் சட்டப்பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு, குறைதீர் அலுவலரின் விவரம் ஆகியவற்றைத் தளத்தில் காட்ட வேண்டும். முறையீட்டை 48 மணி நேரத்திற்குள் பெற்றதாகத் தெரிவித்து, 1 மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். ஆகவே விலையைப் பார்க்கும் முன் முகவரியைப் பார்க்க வேண்டும். அந்த எண்ணுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே ஒருமுறை பேச வேண்டும். நூல்கள் என்றால், 'இந்தப் பதிப்பு எந்த ஆண்டுடையது, எத்தனை பக்கம்?' என்று கேட்டால் போதும்; நூலைக் கையில் வைத்திருப்பவர் சொல்லிவிடுவார். மாணவிக்காக நாம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

இரண்டாவது, தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகப் படிப்பது. ஏட்டுச் சுவடியில் ஒரு கால் ஏறினாலோ ஒரு புள்ளி விடுபட்டாலோ பொருள் மாறுமென்று மாணவர்க்குக் கற்பிக்கும் நாம் இதில் தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். புகழ்பெற்ற கடையின் பெயரில் ஓரெழுத்தைக் கூட்டியோ, ஒரே வடிவம்கொண்ட வேற்று மொழி எழுத்தை மாற்றியோ போலிகள் அமைகின்றன. விளம்பரத்தையோ குறுஞ்செய்தியையோ சொடுக்கிச் செல்லாமல், முகவரியை நாமே தட்டச்சிட்டுச் செல்வது நல்லது. தளப்பெயர் எப்போது பதிவாயிற்று என்பதையும் இணையத்தில் எளிதில் பார்க்க முடியும். 'முப்பது ஆண்டு நம்பிக்கை' என்று எழுதிய கடையின் பெயர் மூன்று வாரத்துக்கு முன் பதிவாகியிருந்தால் அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை.

மூன்றாவது, விலையும் விரைவும். மூன்றிலொரு பங்கு விலை, 'இன்னும் பத்து நிமிடமே' என்று ஓடும் கடிகாரம், 'கடைசி இரண்டு படிகள்' என்னும் அறிவிப்பு ஆகியவை கோவலனின் அவசரத்தை நம்முள் உண்டாக்குபவை. இத்தகைய பொய்யான அவசரமூட்டலை 2023 நவம்பரில் வெளியான மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் முறையற்றதென்று வகுத்துள்ளன. ஒருநாள் பொறுத்து வாங்கினால் கெட்டுப்போகும் பொருள் நூலன்று.

நான்காவது, பாராட்டைக் கடைக்கு வெளியே தேடுவது. கடையின் பெயரோடு 'மோசடி', 'புகார்' என்னும் சொற்களைச் சேர்த்துத் தேடிப் பார்க்கலாம். தெரிந்தவர் யாரேனும் வாங்கியிருக்கிறார்களா என்று கேட்கலாம். கோவலன் கேட்காமல் விட்டது அதுதான்.

ஐந்தாவது, பணம் செல்லும் வழி. பொருள் வந்தபின் பணம் என்பது இயலுமானால் முதல் முறை அவ்வாறு வாங்குவது நன்று. அதிலும் பொதியைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்து வைக்க வேண்டும். அது இயலாதபோது, மறுப்பு எழுப்ப வழியுள்ள கடன் அட்டை, நேரே ஒரு தனிமனிதர் கணக்கிற்கு அனுப்புவதைவிட மேல். யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குக் கடவு எண்ணை இட வேண்டியதே இல்லை. பணம் திருப்பித் தருகிறோம், எண்ணை இடுங்கள் என்று எவரேனும் சொன்னால் அவர் இரண்டாம் முறை கொள்ளையிட வந்தவர். முதலில் சிறு தொகைக்கு ஒன்றை வாங்கிப் பார்த்துப் பின்னரே பெரிதாக வாங்குவது பழைய வணிகர் மரபு.

இவ்வளவும் கடந்து ஏமாந்துவிட்டால், காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கடையின் பக்கங்களையும் பணம் செலுத்திய சான்றையும் படமெடுத்து வைக்க வேண்டும். தளம் மறையும் முன் செய்ய வேண்டிய வேலை இது. கடை உண்மையானதாயிருந்து பொருளில் குறையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் இடத்திலோ வழக்குக்குரிய செயல் நிகழ்ந்த இடத்திலோதான் வழக்கிட வேண்டியிருந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, வாங்கியவர் தாம் வாழும் அல்லது பணிபுரியும் ஊரிலேயே முறையிட வழி செய்திருக்கிறது. மதுரைக்கு நடந்து சென்று வழக்குரைக்க வேண்டிய நிலை இன்று நமக்கில்லை.

கூச்சம் யாருக்குக் காவல்?

மாணவியை அழைத்துக்கொண்டு நாமும் புகார் பதிந்தோம். இரண்டு மாதம் கடந்திருந்தது, பணம் திரும்பவில்லை. தொகையை நாம் தருகிறோம் என்றதற்கு அவர் இசையவில்லை. நூல்களுள் மூன்றை ஒரு பழைய புத்தகக் கடையில் தேடிப் பிடித்தார். மற்றவற்றை இன்னொரு கல்லூரி நூலகத்தில் அமர்ந்து படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார்.

நமக்கு உறுத்துவது 2,940 ரூபாயைவிட அந்த இரண்டு மாத மௌனம். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒருவேளை பணம் நின்றிருக்கும். அந்தக் கடையில் வேறு நால்வர் ஏமாறாமலும் இருந்திருப்பர். ஏமாந்தவரின் கூச்சம் ஏமாற்றியவனுக்குக் காவலாக நின்றது. அந்தக் கூச்சத்தை உண்டாக்கியதில், ஆசிரியர் தவறமாட்டார் என்னும் எண்ணத்தை வளர்த்துவிட்ட நமக்கும் பங்குண்டு.

ஆகவே, அடுத்த வகுப்பில் வழக்குரை காதையைத் தொடங்குமுன், நாம் எவ்வாறு ஒரு கள்ளக்கடைக்குச் சான்று வழங்கினோம் என்பதை மாணவர் முன்னிலையில் சொன்னோம். மாணவியின் பெயரைச் சொல்லவில்லை. சிறிது நேரம் அமைதி. பிறகு, இதுபோல் இணையக் கடையில் பணம் இழந்தவர் எவரேனும் உண்டா என்று கேட்டோம். முதலில் ஒரு கை உயர்ந்தது. பின் மெல்ல மெல்ல ஏழு கைகள். ஒருவர் தம் தந்தைக்குச் செருப்பு வாங்க முயன்றதைச் சொன்னார். மற்றொருவர் தங்கையின் திருமணப் புடவையைச் சொன்னார். ஒருவரும் அதுவரை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. அன்று மணியடிக்கும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம். பாடம் நடக்கவில்லை என்று நாம் எண்ணவில்லை. அவைநடுவே சென்று, சிலம்பை உடைத்து, உள்ளிருப்பதை எல்லாரும் காணச் செய்தவளின் கதைதானே அது.